வெறும் பக்கத்தை நிரப்பச் சொல்லாதேங்கோ

போன சனி இரவு பதினொன்றே முக்கால். குசினி கழுவி முடித்து, குப்பையைக் கட்டி வெளியில் வைத்துவிட்டு ரெலிபோனை எடுத்துப் பார்த்தால் ஒரு வாட்ஸ்அப். சூரிச் பக்கம் இருக்கிற ஒரு பெடியன். எனக்கு நேரில் தெரியாது. தகப்பனார் தவறிவிட்டார், அடுத்த கிழமை முப்பத்தோராம் நாள். கூடவே ஒரு வேர்ட் கோப்பு.

"அண்ணை, நீங்கள் கல்வெட்டு செய்து குடுக்கிறனீங்கள் எண்டு சொன்னவை. எல்லாம் ரைப் பண்ணியாச்சு. நடுவில மூண்டு இடத்தில பக்கம் பாதியில நிக்குது. கடைசியில ரெண்டு பக்கம் சும்மா கிடக்கு. பூ, விளக்கு ஏதாவது போட்டு நிரப்பி விடுங்கோ."

நிரப்பி விடுங்கோ. இந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு. பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, பாவம். ஆனால் இதே சொல்லை எத்தனையோ வருசமாய் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஊர்ச்சங்க மலர் போடுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழா மலர்க்காரரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

(தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். படம், திதி வெண்பா, தேவாரம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் அதற்குள் இருக்கும்.)

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். முதல் வேலையாக, பந்திக்குறி காட்டுகிற அந்தப் பொத்தானை அமத்தினேன். கால் முறிந்த 'பீ' எழுத்தைத் திருப்பிப் போட்டது மாதிரி ஒரு குறி இருக்குமே, அதுதான். அமத்தினால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். பக்கம் பக்கமாய் என்ரர், என்ரர், என்ரர். ஓரிடத்தில் எண்ணிப் பார்த்தேன், 17. "மருமக்கள் புலம்பல்" என்ற தலைப்பு பக்கத்தின் அடியில் விழுந்துவிட்டதாம். அதை அடுத்த பக்கத்துக்குத் தள்ள 17 தரம் என்ரர் அடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு மாமா வந்து வரலாற்றில் இரண்டு வசனம் கூட்டியிருப்பார். உடனே அந்த 17 என்ரரும் சேர்ந்து கீழே இறங்கி, அடுத்த பக்கத்தின் பாதியைத் தின்றுவிட்டு, தலைப்பைப் பக்கத்தின் நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கும். பிறகு அந்த ஓட்டையை மூட ஒரு ரோசாப்பூ!

எங்கள் சனம் வெறும் இடத்தைத் தாங்களே உண்டாக்கிவிட்டுத் தாங்களே அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்.

என்ரர் பந்தியை முடிக்கிற சாவி. பக்கத்தை முடிக்க வேறு வழி இருக்கிறது. கொன்ட்ரோலை அமத்திக்கொண்டு ஒரு தரம் என்ரர் அடித்தால் பக்கம் முடிந்தது. அதைவிட நல்லது, தலைப்புக்கு உரிய பந்தி அமைப்பிலேயே "இது எப்போதும் புதுப் பக்கத்தில் தொடங்கட்டும்" என்று குறித்து வைப்பது. புதுப் பக்கம் வேண்டாம், அடுத்த பந்தியை விட்டுத் தலைப்பு பிரியாமல் இருந்தால் போதும் என்றால் அதற்கும் ஒரு குறி உண்டு. மூன்றும் வேர்டில் வருசக்கணக்காய் இருக்கிறது. மேலே மாமா பத்து வசனம் கூட்டினாலும் தலைப்பு தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

படமும் இப்படித்தான். எழுத்தோடு எழுத்தாய் ஒட்டிய படத்தை வேர்ட் ஒரு பெரிய எழுத்தாகத்தான் பார்க்கிறது. பக்கத்தில் ஆறு விரல் இடம் மிச்சம், படம் ஏழு விரல் உயரம் என்றால், படம் அப்படியே அடுத்த பக்கத்துக்குத் தாவும். விட்டுப்போன ஆறு விரலும் ஓட்டை. படத்தை ஒரு பந்தி கீழே இறக்கினால், அந்தப் பந்தி மேலே ஏறி ஓட்டையை அடைத்துவிடும். அல்லது படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். ரோசாவைத் தேடி ஓட வேண்டிய தேவை இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்ற படிப்பு என்னுடையது. 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டிய பிறகு நடந்த கதையை இங்கே பல தரம் எழுதிவிட்டேன், திரும்ப வேண்டாம். அந்த இரண்டு வருசத்தில் கேள்விப்பட்ட ஒரு பெயர் டொனால்ட் கனூத். தன்னுடைய கணினிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு அச்சகம் அனுப்பிய மாதிரித் தாள்கள் அவலட்சணமாய் இருந்தன என்பதற்காக, 1977இல் மற்ற வேலையை விட்டுவிட்டு, அச்சுக்கோக்க என்று ஒரு மென்பொருளையே எழுதத் தொடங்கியவர். டெக் என்று பெயர். அதில் ஒவ்வொரு கூடாத பக்க முறிவுக்கும் ஒரு தண்டம் உண்டு. பந்தியின் கடைசி வரி தனியாக அடுத்த பக்கத்துக்குப் போனால் 150. பத்தாயிரம் என்று போட்டால் "செத்தாலும் இங்கே முறிக்காதே" என்று அர்த்தம். ஆனால் அதற்கும் ஒரு குறை இருக்கிறது. ஒரு பந்தியை வரிகளாய் முறிக்கும்போது முழுப் பந்தியையும் பார்த்து முடிவெடுக்கிற டெக், பக்கத்தை முறிக்கும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். போன பக்கத்துக்குத் திரும்பிப் போகாது. அந்தக் காலத்துக் கொம்பியூட்டர்களுக்கு அவ்வளவு ஞாபகம் இருக்கவில்லை. கனூத்தின் மாணவர் மைக்கேல் பிளாஸ் 1981இல் ஆய்வேடே எழுதினார், எல்லாப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்து நல்ல முறிவு கண்டுபிடிப்பது சில வகைகளில் கொம்பியூட்டருக்கே மிகக் கஷ்டமான கணக்கு என்று. ஆகவே கடைசியில் ஒரு மனிசர் இருந்து பார்க்கத்தான் வேண்டும்.

அந்த மனிசரின் வேலையை எனக்குச் சொல்லித்தந்தவர் கொம்பியூட்டரைத் தொடாத ஒருவர். நான் வேலைக்கு நிற்கிறது பாசலில் ஒரு றெஸ்ரோறன்ட். பகல் சனம் போனபிறகு மூன்று மணிக்கு ஒரு கிழவர் கோப்பி குடிக்க வருவார். ஈய எழுத்தைக் கையால் அடுக்கிய காலத்து அச்சுக்கோப்பாளர். ஒரு நாள் நான் இடைவேளையில் ஒரு கல்வெட்டின் மாதிரித் தாளைத் திருத்திக்கொண்டிருக்க எட்டிப் பார்த்தார். ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. ஆனால் விரலை நேரே ஒரு வரியில் வைத்தார். "ஹூரன்கின்ட்" என்றார்.

வேசியின் பிள்ளை என்று அர்த்தம். எனக்குத் திக்கென்றது. பிறகுதான் விளங்கப்படுத்தினார். பந்தியின் கடைசி வரி தனியாய் அடுத்த பக்கத்தின் தலையில் போய் நின்றால் ஜெர்மன் அச்சுக்காரர் அதற்கு வைத்த பெயர் அது, எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாதாம். பந்தியின் முதல் வரி பக்கத்தின் அடியில் தனித்தால் "ஷூஸ்டர்யுங்க", சப்பாத்துத் தைக்கிறவரின் எடுபிடிப் பெடியன். எங்கே போகிறோம் என்று தெரியாது. இங்கிலீசில் விதவை, அநாதை என்கிறார்கள். எங்கள் வாயால் இந்தச் சொற்களைப் பகிடிக்குச் சொல்ல ஏலாது. நான் தனிவரி என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவரிடம்தான் யான் ச்சிகோல்ட் என்ற பெயரையும் கேட்டேன். லைப்சிக்கில் 1902இல் பிறந்தவர். 1928இல் எழுதிய புத்தகத்தில், வெள்ளை இடமும் அச்சு அமைப்பின் ஒரு உறுப்பு, அது பின்னால் கிடக்கிற வெறும் தாள் அல்ல என்று சொன்னவர். 1933இல் நாசிகள் பிடித்து அடைத்தார்கள். வெளியில் வந்ததும் குடும்பத்தோடு தப்பி வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமோ? பாசல்தான். என்னைப் போல அகதி. 1947இல் பென்குயின் பதிப்பகத்துக்குப் போய், அங்கே அச்சுக்கோப்பவர்கள் கைக்கொள்ள வேண்டிய விதிகளை நாலே நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். தனிவரிகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

சரி, என்னுடைய கதைக்கு வருகிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2016இல் அம்மா ஊரில் தவறினார். எனக்குப் போக முடியவில்லை. அம்மாவுக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது கல்வெட்டு மட்டும்தான். வேலை முடிந்து வந்து நாலு இரவு இருந்து செய்தேன். 20 பக்கம். அம்மாவின் வரலாறு எட்டாம், ஒன்பதாம் பக்கங்களில். பிள்ளைகள் எல்லாரையும் ஒரு பந்தியில் எழுதினேன். கடைசித் தம்பியை அதற்குள் சேர்க்க மனம் வரவில்லை. 2009 வைகாசியில் வட்டுவாகலில் வைத்துக் கையளித்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கிறான் என்றும் எழுத ஏலாது, இல்லை என்றும் எழுத ஏலாது. அதனால் அவனுக்கு ஒரு வரி, தனிப் பந்தியாக. ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி அதுதான். அதற்குக் கீழே "பிள்ளைகள் புலம்பல்" தலைப்பைப் பத்தாம் பக்கத்தில் தொடங்க நான் என்ன செய்தேன்? என்ரர் அடித்தேன். ஓம், நானேதான்.

கோப்பை ஒரு அச்சகத்துக்கு அனுப்பினேன். எந்த நாடு, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. நான் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். அவர்களிடம் இருந்த பாமினி வேறு பாமினி, ஒரு மயிரளவு அகலம். வரலாறு ஒரு வரி நீண்டது. தம்பியின் வரி பத்தாம் பக்கத்தின் தலைக்குப் போனது. என்னுடைய என்ரர்களும் பின்னால் போயின. மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்து 20 பக்கம் 21 ஆனது. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் 21 பக்கம் என்று ஒன்று இல்லை. ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், ஆகவே 20க்கு அடுத்தது 24. அங்கே இருந்தவர் என்ன செய்தார்? தனியாய் நின்ற அந்த வரியை அழித்தார். எல்லாம் பழையபடி 20க்குள் வந்துவிட்டது. எனக்கு ஒரு கோல் எடுக்கவில்லை.

200 பிரதி. முப்பத்தோராம் நாள் இங்கே மண்டபத்தில் சனத்துக்குக் கொடுத்து முடிந்த பிறகுதான் நான் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். மாமா ஒருவர் தோளில் கை வைத்து, "ஒரு வரிதானே தம்பி, விடு" என்றார்.

அச்சகத்துக்கு எடுத்து ஏசினேன். ஏசிவிட்டு வந்து திரும்பவும் எட்டாம் பக்கத்தைத் திறந்தேன். அங்கே தலைப்புக்கும் முதல் பந்திக்கும் நடுவில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு ரோசாப்பூ. இணையத்தில் எடுத்தது. இடம் வெறுமையாய் இருக்கிறதே என்று அதை வைத்தவன் நான். அந்த ரோசாவை ஒரு விரல் குறைத்திருந்தால் தம்பியின் வரி எங்கேயும் போயிருக்காது.

அவ்வளவு கூடத் தேவையில்லை. ஒரு வரியைத் திரும்பப் பெறுவது எவ்வளவு சின்ன வேலை என்பதை அந்தக் கிழவர் பிறகு காட்டித்தந்தார். பிரச்சினை தெரிகிற இடத்தில் கை வைக்காதே, மேலே போ என்பார். முதல் இரண்டு பக்கத்துக்குள் எந்தப் பந்தியின் கடைசி வரியில் ஒரேயொரு சொல் தொங்குகிறது என்று பார். அந்தப் பந்தியில் ஒரு சொல்லைக் குறைத்தால் தொங்குகிற சொல் மேலே ஏறும், ஒரு வரி மிச்சம். தமிழில் இது இன்னும் சுகம், ஏனென்றால் நாங்கள் எழுதுவதில் பாதி கொழுப்பு. "கல்வி கற்பித்துக் கொண்டிருந்தவர் ஆவார்" என்று எழுதியிருப்பார்கள். "படிப்பித்தார்" என்றால் என்ன குறைந்துவிடும்? அம்மாவின் வரலாற்றில் "அவர்கள்" என்று ஐந்து இடத்தில் போட்டிருந்தேன். ஒன்றை எடுத்திருந்தாலே போதும்.

அப்படி வெட்ட ஒன்றும் இல்லாவிட்டால், விரித்தால் எதிரெதிரே வருகிற இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு வரி குறைத்து முடிக்கலாம். இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால்தான் தெரியும். எழுத்தைச் சுருக்குவது, வரிகளை நெருக்குவது கடைசி வழி. எங்கள் ஆட்களுக்கோ அதுதான் முதல் வழி.

இப்போதெல்லாம் வேர்ட் தானாகவே தனிவரியைப் பார்த்துக்கொள்ளும், இரண்டு வரியாவது சேர்ந்து போகும்படி செய்யும். ஆனால் அது ஒரு பந்தியை இரண்டாய்ப் பிளக்கிற இடத்தை மட்டும்தான் காவல் காக்கும். ஒரு வரியே ஒரு பந்தியாய் இருந்தால் அதற்கு யார் காவல்? எழுதியதை வாசித்த ஆள்தான். வாசித்த ஆளுக்குத்தான் எந்த வரி யாரை விட்டுப் பிரியக்கூடாது என்று தெரியும். திதி வெண்பா நாலே வரி. அதை இரண்டு இரண்டாய் முறித்து இரண்டு பக்கத்தில் போட்ட கல்வெட்டுகள் என்னிடம் இருக்கின்றன. செத்தவரின் பெயர் ஒரு பக்கம், திதி அடுத்த பக்கம்.

"காசு குடுத்த தாள், ஏன் சும்மா விடுவான்?" என்று கேட்பார்கள். ஏட்டுச்சுவடிக் காலத்தில் இது நியாயம். ஓலையைப் பதப்படுத்துவது லேசான வேலை இல்லை, ஆகவே பாட்டு முடிந்த இடத்திலேயே அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். பல ஏடுகளில் புள்ளிகூட இல்லை. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் வைத்த பிறகு, அவருடைய பதிப்புகளில் குறியீடு வந்தது, சொல்லைப் பிரித்து வாசிக்க வசதி வந்தது. வாசிக்கிறவனுக்கு மூச்சுவிட இடம் கொடுத்த ஊர் எங்கள் ஊர். அந்த ஊரிலிருந்து வந்த நாங்கள் இன்று ஒரு அங்குலம் விடாமல் விளக்கும் ரோசாவும் புறாவும் அடைக்கிறோம்.

நான் வேலை செய்கிற இடத்தில் தட்டின் விளிம்பில் ஒரு சொட்டு சோஸ் பட்டால் செஃப் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் வெளியே விடுவார். தட்டுக்கும் காசுதான். விளிம்பு வரை சோறு போடு என்று எந்த வெள்ளைக்காரனும் கேட்டதில்லை. (எங்கள் கலியாண மண்டபங்களில் கேட்பார்கள் என்பது வேறு கதை.)

"உதை ஆர் வாசிக்கிறது, எல்லாம் லாச்சிக்குள்ள போற சாமான்தானே" என்றும் சிலர். லாச்சிக்குள் போவது உண்மை. ஆனால் வேறு எந்தப் புத்தகத்தில் இந்தச் சனங்களின் பெயர் இருக்கிறது? பிறந்த ஊர், தகப்பன் பெயர், எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை எங்கே என்று எங்கள் வீட்டுக்கு இருக்கிற ஒரே பதிவு அது. இருபது வருசம் கழித்து ஒரு பேரப்பிள்ளை எடுத்துப் பார்க்கும். அதில் ஒரு வரி இல்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு சித்தப்பா இருந்ததே தெரியாது.

சூரிச் பெடியனின் கோப்புக்கு வருகிறேன். 22 பக்கம். என்ரர்களை எல்லாம் எடுத்தேன். ஓட்டைகள் மூன்றும் தானாய் மூடின. சிவபுராணம் 95 அடி. அவர் பக்கத்துக்கு 30 வரி வைத்திருந்தார், மூன்று பக்கம் போய் நாலாம் பக்கத்தில் ஐந்து வரி, அதற்குக் கீழே குத்துவிளக்கு. எழுத்தைப் பெருப்பித்துப் பக்கத்துக்கு 24 வரி ஆக்கினேன். தலைப்புக்கு ஒரு வரி, மிச்சம் 95, சரியாய் நாலு பக்கம். அன்று வீட்டில் அதைப் படிக்கப்போவது கண் தெரியாத கிழடுகள். அவர்களுக்கும் சுகம். ரோசாக்களையும் விளக்கையும் எடுக்க மொத்தம் 19 பக்கமாய் வந்து நின்றது. 24க்குப் போக வேண்டிய புத்தகம் 20இல் முடிந்தது. ஒரு பிரதிக்கு ஆறு தாள் என்றது ஐந்து தாள்.

வரலாற்றில் ஒரு சொல்லையும் நான் கேட்காமல் எடுக்கவில்லை. ஐந்து இடத்தில் மஞ்சள் அடித்து அனுப்பினேன். நாலுக்கு ஓம் என்றார். ஒன்றுக்கு, "இல்லை அண்ணை, அது அப்பா சொல்லுற மாதிரியே எழுதினது, இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்று விட்டு வேறு இடத்தில் ஒரு வரி எடுத்தேன்.

இருபதாம் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது. "அதில மட்டும் ஒரு விளக்கு..." என்று நேற்றிரவும் எழுதியிருக்கிறார். ஒன்றும் வேண்டாம், அப்படியே விடுங்கோ என்று பதில் போட்டேன். தாயாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தாயார் விளக்கு வேண்டும் என்றால் வைத்துக் கொடுப்பேன், அது அவருடைய புருசனின் புத்தகம்.

பி.கு: அச்சகத்துக்கு வேர்ட் கோப்பை அனுப்பாதேங்கோ. எழுத்துருவையும் உள்ளே சேர்த்து பிடிஎப் ஆக்கி அனுப்புங்கோ. அச்சடிக்க முதல் அவர்களிடமிருந்து ஒரு பிரதியைத் திருப்பி வாங்கி, வீட்டில் ஒருவர் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் பெயர்களையும் விரல் வைத்து வாசியுங்கோ. கல்வெட்டு என்றால் நான் காசு வாங்குவதில்லை. திங்கள் எனக்கு லீவு, அன்றைக்கு எழுதுங்கோ.